ஜாதிஜாதியாய்ப் படைத்த கணக்கு

(ஒரு பகுத்தறிவுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இந்த மேடையில் வழக்கமாகப் பேசப்படுகிற விஷயமல்ல. புராணத்தைப் பற்றியோ, திதி திவசத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சென்ற கூட்டம் முடிந்து நாம் மேடையை விட்டு இறங்கியபோது ஒரு வாலிபத் தோழர் நம் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். அதில் ஒரு படம். படத்தில் ஒரு பக்கம் சில புள்ளிகள் குவியலாகவும், மறுபக்கம் வேறு சில புள்ளிகள் குவியலாகவும் போடப்பட்டிருந்தன. ஒரு குவியல் மனிதனாம், மற்றொன்று குரங்காம். நடுவில் வெறும் வெள்ளைக் காகிதம். “இது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. மனிதனும் குரங்கும் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று கணக்கே சொல்லிவிட்டது. கணக்குப் பொய் சொல்லுமா? இதற்குப் பதில் இல்லையென்றால் இனி உங்கள் கூட்டத்திற்கு வருவதில் என்ன பிரயோஜனம்?” என்று அவர் கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டுமென்று கேட்டார். நமக்கு அப்பொழுது பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லி, அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லுவதாக வாக்குக் கொடுத்தோம். அந்த வாக்கைத்தான் இன்று நிறைவேற்ற வந்திருக்கிறோம்.

இந்தக் கணக்குப் பிறந்த இடம் அமெரிக்கா. உலகம் ஆறு நாளில் உண்டாக்கப்பட்டது, உண்டாகிச் சுமார் 6,000 ஆண்டுகள்தான் ஆகின்றன என்று பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்புகிற கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படி என்று நாம் சொல்ல வரவில்லை. ரோமாபுரிப் போப்பான இரண்டாம் ஜான் பாலே 1996-ல், பரிணாமம் என்பது வெறும் ஊகத்திற்கு மேற்பட்டது என்று ஒப்புக்கொண்டு விட்டார். ஆனால் இந்த அமெரிக்கக் கூட்டத்தார் ஒப்பவில்லை. இவர்களுக்குப் பணத்திற்கும் குறைவில்லை. 2016-ல் கென்டக்கி மாகாணத்தில் 510 அடி நீளத்தில் நோவாவின் பேழையென்று ஒன்றைக் கட்டி, டிக்கெட்டுப் போட்டு ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள். நம்மூர் வைகுண்ட ஏகாதசிக்கு இது ஒன்றும் இளைத்ததல்ல.

பேழை கட்டியதும் வந்தது தொல்லை. உலகத்தில் பாலூட்டிகளில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட இனங்கள். பறவைகளில் 10,000-க்கு மேல். ஊர்வனவற்றில் 11,000-க்கு மேல். தவளை வகையறாக்களில் 8,000-க்கு மேல். ஆக 35,000-க்கு மேற்பட்ட இனங்களை ஜோடி ஜோடியாக ஒரு மரக் கப்பலில் ஏற்ற வேண்டும். எப்படி ஏற்றுவது? இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, கடவுள் இனம் இனமாகப் படைக்கவில்லை, அதைவிடப் பெரிய ‘வகை’ வகையாகப் படைத்தார் என்பதுதான். பைபிளின் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் அந்தந்த வகையின்படி படைத்தார் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்ப் பைபிளில் அந்த இடத்தில் போட்டிருக்கும் சொல் என்ன தெரியுமா? ‘ஜாதி’. ஜாதிஜாதியாகப் படைத்தாராம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் காது விறைக்கிறதல்லவா? அதைப் பின்னால் பார்ப்போம்.

1941-ல் பிராங்க் லூயிஸ் மார்ஷ் என்பவர், ‘படைத்தார்’ என்ற எபிரேயச் சொல்லையும் ‘வகை’ என்ற எபிரேயச் சொல்லையும் ஒட்டவைத்து ‘பாரமின்’ என்று ஒரு பெயர் உண்டாக்கினார். இரண்டு பிராணிகள் கூடிக் கருத்தரித்தால் அவை ஒரே பாரமின் என்பது அவர் வைத்த சோதனை. குதிரையும் கழுதையும் கூடினால் கோவேறு கழுதை பிறக்கிறது. ஆகவே குதிரையும் கழுதையும் ஒரே வகை. சிங்கத்திற்கும் புலிக்கும் குட்டி பிறக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே வகை. இந்தப்படி சேர்த்துச் சேர்த்துக் கட்டினதில் பேழைக்குள் ஏற்ற வேண்டிய வகைகள் சுமார் 1,400 ஆகச் சுருங்கிவிட்டன. கப்பலில் இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் இதன் பலன் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பிரளயம் வந்து சுமார் 4,400 ஆண்டுகள் என்பது அவர்கள் கணக்கு. பேழையிலிருந்து இறங்கிய ஒரே ஒரு பூனை ஜோடியிலிருந்து சிங்கம், புலி, சிறுத்தை, வீட்டுப் பூனை முதலிய சுமார் 40 இனங்களும் இந்த 4,400 ஆண்டிற்குள் உண்டாகியாக வேண்டும். டார்வின்கூட இவ்வளவு வேகத்தைக் கேட்கவில்லை! பரிணாமம் பொய்யென்று சொல்ல வந்தவர்கள், டார்வின் மாட்டு வண்டியில் விட்ட பரிணாமத்தை மெயில் ரயிலில் ஏற்றி விடுகிறார்கள். அதுவும் போதாது. 4,000 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்திய தேசத்துச் சித்திரங்களிலேயே சிங்கம் சிங்கமாகத்தான் இருக்கிறது. ஆகவே 4,400 ஆண்டுகூட இல்லை. பூனை சிங்கமாவதற்கு இருந்த அவகாசம் சில நூறு ஆண்டுகள்தான் என்றாகிறது.

அது போகட்டும். கூடிப் பெறுகிற சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கல்லாய்ப்போன எலும்புக்குக் கலியாணம் செய்துவைக்க முடியாதல்லவா? செத்து மண்ணோடு மண்ணாய்ப்போன பிராணிகள்தாம் உலகத்தில் அதிகம். அவற்றை எந்த வகையில் சேர்ப்பது? 1990-ல் கர்ட் வைஸ் என்பவர், பாரமின்களைக் கண்டுபிடிப்பதைத் தனியொரு சாஸ்திரமாகவே நடத்த வேண்டுமென்று கிளம்பினார். 1998-ல் ராபின்சன், கவனா என்ற இருவர் அதற்குக் கணக்கைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நம் தோழர் கொடுத்த படம் அந்தக் கணக்கு வழியில் வந்ததுதான்.

இனி கணக்கைச் சொல்லுகிறோம். பயப்பட வேண்டாம். நாம் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. நமக்கே விளங்கிய கணக்கு உங்களுக்கு விளங்காமல் போகாது. ஒரு காகிதத்தில் மேலிருந்து கீழாகப் பசு, எருமை, ஆடு, நாய் என்று பெயர்களை எழுதிக் கொள்ளுங்கள். பக்கவாட்டில் குணங்களை எழுதுங்கள்: கொம்பு உண்டா, குளம்பு பிளந்ததா, அசை போடுமா, மேல் முன்பல் உண்டா, இப்படிப் பத்துக் குணம். பத்தில் மூன்றில் பசுவும் எருமையும் வேறுபட்டால் இரண்டுக்கும் தூரம் பத்தில் மூன்று. பசுவும் நாயும் எட்டில் வேறுபட்டால் தூரம் பத்தில் எட்டு. இப்படி எல்லா ஜோடிக்கும் தூரம் எழுதிவிட்டு, அடுத்தபடியாக ஒரு காரியம் செய்கிறார்கள். பசுவுக்கு யார் யார் கிட்டமோ அவர்களே எருமைக்கும் கிட்டமா, பசுவுக்கு யார் யார் தூரமோ அவர்களே எருமைக்கும் தூரமா என்று ஒத்துப் பார்க்கிறார்கள். அண்ணனுக்கு வேண்டியவர்கள்தான் தம்பிக்கும் வேண்டியவர்கள் என்றால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ஊரார் கண்டுகொள்கிறார்களல்லவா, அதுபோல. ஒத்துவந்தால் ஒரே வகை. நேர் எதிராகப் போனால் வேறு வகை. நூறு குணம், இருநூறு குணம் என்றால் கையால் போட முடியாது, கம்ப்யூட்டர் போடுகிறது. அந்தத் தூரங்களையெல்லாம் நாம் கண்ணால் பார்க்கத்தக்க படமாகச் சுருக்கிப் புள்ளி வைத்துக் காட்டுகிற மற்றொரு முறையும் உண்டு. குவியல் குவியலாகப் பிரிந்து நின்றால், நடுவில் உள்ள இடைவெளி கடவுள் விட்ட இடைவெளி என்கிறார்கள்.

இந்தக் கணக்கு முறையில் மோசடி ஒன்றும் இல்லை. பல குணங்களை ஒருங்கே வைத்துத் தூரம் பார்க்கிற வித்தையைச் சிருஷ்டிவாதிகள் கண்டுபிடிக்கவுமில்லை. 1963-ல் சோக்கல், ஸ்னீத் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைப் பற்றிப் பெரிய புஸ்தகமே எழுதினார்கள். அவர்களில் சோக்கல் என்பவர் வியன்னாவில் பிறந்த யூதர். சிறுவனாயிருக்கும்போதே ஹிட்லர் கூட்டத்துக்குத் தப்பிக் குடும்பத்தோடு ஷாங்காய்க்கு ஓடினவர். பிறப்பைக் கொண்டு மனிதரை வகை பிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அனுபவித்தவர். ஆகவே கணக்கின்மேல் நமக்குக் கோபமில்லை. தராசு தராசுதான். தராசில் வைக்கிற படிக்கல்லைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1998-ல் வந்த அந்த முதல் கட்டுரையை எடுத்துக் கொள்ளுவோம். மனிதனையும், ஆப்பிரிக்க ஆசிய கண்டங்களின் குரங்குகளையும், வாலில்லாக் குரங்குகளையும் அதில் அளந்தார்கள். பலவித குணங்களைக் கொண்டு தனித்தனியாக அளந்தார்கள். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் புரதத்தின் வரிசையைக் கொண்டு அளந்தார்கள். ஜீன் எழுத்து வரிசையொன்றைக் கொண்டு அளந்தார்கள். குரோமோசோம்களைக் கொண்டு அளந்தார்கள். உடலமைப்பைக் கொண்டு அளந்தார்கள். வாழும் இடம், வாழும் முறை இவைகளைக் கொண்டும் அளந்தார்கள். என்ன வந்தது? புரதமும், ஜீனும், குரோமோசோமும் மனிதனைத் தனியாகப் பிரித்துக் காட்ட மறுத்துவிட்டன. உடலமைப்பும் வாழும் முறையும் பிரித்துக் காட்டின. உடனே அவர்கள் செய்த முடிவு என்ன? மனிதனும் குரங்கும் நெருங்கின சொந்தம் போலிருக்கிறது என்பதா? இல்லை. புரதமும் ஜீனும் குரோமோசோமும் இந்த வேலைக்கு உதவாதவை, உடலமைப்பும் வாழும் முறையும்தான் நம்பத்தக்கவை என்று முடிவு செய்தார்கள்!

தோழர்களே, இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மனிதன் தனி என்பது அவர்களுக்கு அளந்து தெரிந்த விஷயமல்ல. வேதத்திலிருந்து தெரிந்த விஷயம். அந்தத் தெரிந்த விடையைச் சொல்லுகிற படிக்கல் நல்ல படிக்கல், சொல்லாதது கெட்ட படிக்கல். ஒரு மளிகைக் கடைக்காரர் ஐந்து படிக்கல் வைத்திருக்கிறார். தமக்கு வேண்டிய எடை வருகிற கல்லை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவைகளைக் கொல்லையில் வீசிவிட்டு, “என் தராசு பொய் சொல்லாது” என்கிறார் என்று வையுங்கள். தராசு பொய் சொல்லவில்லைதான். அந்தக் கட்டுரை வெளியான பத்திரிகை 1963-ல் ஏற்பட்ட ஒரு சிருஷ்டி ஆராய்ச்சிச் சங்கத்தினுடையது. அந்தச் சங்கத்தில் ஓட்டுரிமை உள்ள அங்கத்தினர் ஆக வேண்டுமானால், மனிதன் உட்பட எல்லா அடிப்படை உயிர் வகைகளையும் கடவுள் சிருஷ்டி வாரத்திலேயே நேராகப் படைத்தார் என்ற கொள்கையை முன்னதாகவே ஒப்புக்கொள்ள வேண்டும். கையெழுத்து முதலில், அளப்பது அதற்குப் பிறகு. கோர்ட்டில் ஒரு ஜட்ஜ் தீர்ப்பை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு சாட்சியைக் கூப்பிட்டால் நாம் சும்மா இருப்போமா?

இனி அந்த ஒத்துப் பார்க்கிற கணக்கின் சுபாவத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது சராசரியை வைத்துப் போடுகிற கணக்கு. எந்தக் கூட்டத்தை நிறுத்தி அளந்தாலும் சராசரிக்கு மேல் சிலரும் கீழ் சிலரும் இருப்பார்கள். ஆகவே காகிதத்தில் யார் யாரை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். பசு, எருமை, ஆடு, நாயோடு ஒரு நண்டையும் ஒரு கரப்பான் பூச்சியையும் ஒரு மண்புழுவையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். பசுவும் நாயும் ஒரே குவியலில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு நேர்மாறாக, மாடுகளை மாத்திரம் எழுதிப் பாருங்கள். காங்கேயம் மாட்டையும் ஜெர்ஸி மாட்டையும் தனித்தனிச் சிருஷ்டி என்று அந்தக் கணக்குப் பிரித்துக் காட்டினாலும் காட்டும். நம் தோழர் கொடுத்த பிரசுரத்தில் எந்த எந்தப் பிராணிகளைச் சேர்த்தார்கள், எந்த எந்த எலும்புகளை விட்டார்கள், எத்தனை குணங்கள், எவற்றைத் தள்ளினார்கள் என்பதில் ஒரு வரியும் இல்லை. புள்ளி மாத்திரம் இருக்கிறது. சோதிடர் கட்டம் போட்டுக் கொடுப்பதைப்போல.

சரி, இடைவெளி உண்மையாகவே இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுவோம். அதனால் தனித்தனிச் சிருஷ்டி என்று எப்படி ஏற்படும்? இன்று தமிழும் மலையாளமும் இரண்டு பாஷைகள். இரண்டிலும் சொற்களை எடுத்து அளந்தால் இரண்டு குவியலாகத்தான் நிற்கும். அதனால் தமிழைச் சிவபெருமானும் மலையாளத்தைப் பரசுராமனும் தனித்தனியே உண்டாக்கினார்கள் என்று ஆகிவிடுமா? ஒன்றாயிருந்து பிரிந்தவை. நடுவில் பேசினவர்கள் செத்துப் போனார்கள். அதனால் நடு இடம் காலியாக இருக்கிறது. உயிர்களிலும் அப்படித்தான். நடுவிலிருந்த பாட்டன் பூட்டன்மார்கள் செத்துப் போனதால் பேரப்பிள்ளைகள் தனித்தனிக் குவியலாகத் தெரிகிறார்கள். பரிணாமம் உண்மையாயிருந்தாலும் குவியல் வரும் என்கிறபோது, குவியலைக் காட்டிப் பரிணாமம் பொய் என்று எப்படிச் சொல்லுவது?

உறவைக் கண்டுபிடிப்பதற்கு ஒற்றுமையை எண்ணுவதைவிட நல்ல வழியும் உண்டு. பழைய ஏட்டுச் சுவடிகளை ஆராய்கிறவர்களைக் கேளுங்கள். இரண்டு சுவடிகளிலும் சரியான பாடம் ஒன்றாயிருந்தால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் ஏற்படாது. ஆனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பிழை இரண்டிலும் இருந்தால், இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதினவை என்று கண்டுகொள்ளுகிறார்கள். ஜீனிலும் அப்படிப்பட்ட பிழைகள் உண்டு. ஆடு எலுமிச்சம்பழம் தின்னாவிட்டாலும் அதற்கு ஒரு கேடும் வராது. ஏனென்றால் வைட்டமின் ‘சி’ என்ற சத்தை ஆடு தன் உடம்பிலேயே செய்துகொள்ளுகிறது. பெரும்பாலான பாலூட்டிகள் அப்படியே. மனிதனால் முடியாது. பழமும் கீரையும் இல்லாமல் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகள் ஈறு அழுகிச் செத்தார்கள். மனிதனிடம் அந்த ஜீன் இல்லாமலில்லை. இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. சிம்பன்ஸியிடமும் மற்ற வாலில்லாக் குரங்குகளிடமும் அதே ஜீன் அதே மாதிரி உடைந்து கிடக்கிறது. கினிப் பன்றிக்கும் அந்த ஜீன் உடைந்ததுதான், ஆனால் அது வேறு விதமாக உடைந்திருக்கிறது. மனிதனைத் தனியாகவும் குரங்கைத் தனியாகவும் படைத்த கடவுள், இரண்டிலும் ஒரே பிழையை ஏன் எழுதினார்? கை தவறி எழுதினாரா, பார்த்து எழுதினாரா? இந்த மாதிரிச் சாட்சியத்தைத்தான் உதவாத படிக்கல் என்று கொல்லையில் வீசினார்கள்.

இனி மண்டை ஓட்டுக் கதைக்கு வருவோம். 1972-ல் கென்யா தேசத்தில் 1470 என்று எண் போட்ட ஒரு மண்டை ஓடு கிடைத்தது. மனிதனுக்கும் குரங்குக்கும் நடுவில் ஒன்றுமில்லை என்று சொல்லுகிற சிருஷ்டிவாதிகளில் சிலர் அது சுத்தமான மனிதன் என்றார்கள். வேறு சிலர் அது சுத்தமான குரங்கு என்றார்கள். நடுவில் வெள்ளைக் காகிதம்தான் என்றால், ஒரு மண்டை ஓடு எந்தப் பக்கம் என்பதில் இவர்களுக்குள்ளேயே ஏன் இத்தனை சண்டை? 2010-ல், இந்தக் கணக்கில் முக்கியஸ்தரான டாட் வுட் என்பவர் இந்தப் பழைய எலும்புகளைக் கணக்கிலேற்றிப் பார்த்தார். 1470 எந்த இனத்தைச் சேர்ந்ததோ அந்த இனம் மனிதக் குவியலில் வந்து விழுந்தது. அவ்வளவோடு நிற்கவில்லை. தென் ஆப்பிரிக்காவில் கண்டெடுத்து அவ்வருஷந்தான் உலகத்துக்கு அறிவித்த, சிறிய மூளையும் நீண்ட கைகளும் உள்ள ஆஸ்திரலோபிதெகஸ் செடிபா என்ற பிராணியும் மனிதக் குவியலிலேயே வந்து உட்கார்ந்தது! கணக்குச் சொன்னதை வுட் ஒப்புக்கொண்டார். அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த மற்றவர்கள் ஒப்பவில்லை. அது குரங்குதான் என்று எதிர்த்து எழுதினார்கள். கணக்குப் பொய் சொல்லாது என்று நம்மிடம் சொல்லுகிறவர்கள், தங்களுக்குள் மாத்திரம் கணக்கை நம்பவில்லை.

இதைவிட வேடிக்கை டைனோசார் விஷயத்தில் நடந்தது. அதே 2010-ல் பில் சென்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். “உங்கள் முறை, உங்கள் விதி; இடைவெளி இருந்தால் தனிச் சிருஷ்டி, தொடர்ச்சி இருந்தால் ஒரே வம்சம் என்பது நீங்கள் சொன்னது. அதையே போட்டுப் பார்க்கிறேன்” என்று, பறவைகளுக்கு நெருங்கினவை என்று விஞ்ஞானிகள் சொல்லுகிற டைனோசார் வகைகளையும், ஆதிப் பறவைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். ஆதிப் பறவைகளில் பெயர்போனது ஆர்க்கியாப்டெரிக்ஸ். டார்வின் புஸ்தகம் 1859-ல் வந்தது. இரண்டே ஆண்டில், 1861-ல், ஜெர்மனி தேசத்துச் சுண்ணாம்புக் கல் சுரங்கத்தில், சிறகும் உண்டு பல்லும் உண்டு எலும்பு வாலும் உண்டு என்று அகப்பட்ட பிராணி அது. கணக்கு என்ன சொல்லிற்று? அந்தப் பறவைக்கும் பலவகை டைனோசார்களுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. தொடர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிற்று. புதுப் புது எலும்புகள் அகப்பட அகப்பட, முன்பு இருந்த இடைவெளிகள் ஆண்டுக்கு ஆண்டு நிரம்பி வருவதையும் அதே கணக்கினாலேயே காட்டினார். கடவுள் விட்ட இடைவெளி மண்வெட்டி பட்டதும் மறைந்து போகிறது! வுட் அதற்குப் பதில் எழுதினார். 2011-ல் சென்டர், ஒத்துப் பார்க்கிற முறையைக் கொண்டே டைனோசார் கூட்டம் முழுவதையும் அளந்தார். மிகப் பெரும்பாலானவை ஒரே தொடர்ச்சி. ஏழு கூட்டங்கள் மாத்திரந்தான் பிரிந்து நின்றன. அவற்றிலும் ஒவ்வொன்றும் தனக்குள் தொடர்ச்சியாகவே இருந்தது.

வுட் என்பவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் வெகு காலம் வேலை பார்த்தது டென்னஸி மாகாணத்து டேட்டன் என்ற ஊர்க் கல்லூரியில். 1925-ல் பள்ளிக்கூடத்தில் பரிணாமத்தைச் சொல்லிக் கொடுத்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்களே, அதே ஊர். அந்த வழக்கில் பைபிளுக்காக வாதாடின பிரையன் பெயரால் ஏற்பட்ட கல்லூரி. அங்கே உட்கார்ந்துகொண்டே அவர் 2009-ல், பரிணாமத்திற்கு ஆதாரம் ஏராளமாக இருக்கிறதென்றும், அது தோற்றுப்போன கொள்கையல்லவென்றும், தாம் அதை ஒப்பாததற்குக் காரணம் தம் மத நம்பிக்கையே என்றும் பகிரங்கமாக எழுதினார். நம்பிக்கையை நம்பிக்கை என்றே சொல்லுகிற எதிரியிடம் நமக்கு மரியாதை உண்டு. நம்முடைய சண்டை, அதைக் கணக்கென்று அச்சடித்து நம் வாலிபர்கள் கையில் கொடுக்கிறவர்களோடுதான்.

இப்பொழுது அந்த ‘ஜாதி’ என்ற சொல்லுக்கு வருகிறோம். அமெரிக்காக்காரன் அளந்தால் நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நம்மையும் இப்படி அளந்திருக்கிறார்கள், தோழர்களே! வெள்ளைக்காரர் ஆட்சியில் ரிஸ்லி என்ற ஒரு பெரிய உத்தியோகஸ்தர், ஜனங்களின் மூக்கை அளந்து, மூக்கின் அகலம் குறையக் குறைய ஜாதி உயரும் என்று ஒரு சட்டமே எழுதினார். 1901-ஆம் ஆண்டு ஜனக் கணிதத்திற்கு அவரே தலைமை. நம் சென்னையில் மியூஸியம் தலைவராயிருந்த தர்ஸ்டன் இடுக்கிக் கோலை எடுத்துக்கொண்டு தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-ல் ஜாதிகளைப் பற்றி ஏழு வால்யூம் வெளிவந்தது. அளப்பதற்கு முன்னால் அவர்கள் செய்த காரியம் என்ன? இவர் இன்ன ஜாதி என்று ஆளைக் கேட்டு எழுதிக் கொண்டது. எந்த ஜாதி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற வரிசையைப் புரோகிதர் வாயிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டது. பிறகு அந்த வரிசைக்கு மூக்கைத் தேடினார்கள். 1932-ல் கூர்யே என்ற இந்தியப் பேராசிரியர் அதே அளவுகளை எடுத்துச் சரிபார்த்தபோது, ஐக்கிய மாகாணத்தைத் தாண்டி அந்த மூக்குச் சட்டம் நிற்கவில்லை. பல அளவுகளை ஒன்றாக்கி இரண்டு கூட்டத்தாருக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிற பெயர்போன சூத்திரத்தை 1936-ல் வெளியிட்ட மஹலநோபிஸ் என்ற வங்காளத்து அறிஞரும், இந்த மாதிரி மனித உடல் அளவுகளை வைத்துக்கொண்டுதான் அதை உண்டாக்கினார். சூத்திரம் இன்றும் உலகமெங்கும் உபயோகப்படுகிறது, நல்ல சூத்திரம். அதில் போடுவதற்கு ஜாதி என்ற பெயரைக் கொடுத்தது யார் என்பதே நம் கேள்வி. முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று நாலு குவியலை எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமலே நம்மூரில் போட்டு வைத்திருந்தார்கள். நடுவில் வெள்ளைக் காகிதமும் விட்டிருந்தார்கள். தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, கலியாணம் செய்யக்கூடாது என்று. கலியாணம் செய்துகொண்டு பிள்ளையும் பெற்றவர்களைத் தெருவில் வெட்டிப்போட்ட சங்கதி நீங்கள் அறியாததல்ல. மார்ஷ் வைத்த சோதனையின்படி பார்த்தால்கூட அந்தக் குழந்தை பிறந்த அன்றைக்கே வழக்குத் தீர்ந்து போயிற்று.

நம் பண்டிதர்கள் சிலர் இந்தப் பிரசுரத்தைக் கண்டு சிரிப்பதாகக் கேள்வி. “எங்கள் தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கிறது, மீன், ஆமை, பன்றி, அப்புறம் பாதி சிங்கம் பாதி மனிதன்” என்கிறார்களாம். அவர்களும் அவசரப்பட வேண்டாம். பன்றிக்கும் மனிதனுக்கும் நடுவில் சிங்கம் வருகிற பரிணாமத்தை எந்த எலும்பும் சொல்லவில்லை. டார்வின் வரும்வரை அந்தக் கதையில் ஒருவருக்கும் பரிணாமம் தெரியாதிருந்ததன் மர்மம் என்னவென்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நேரமாகிவிட்டது. பிரசுரம் கொடுத்த தோழர் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாம் சொன்னதில் எங்கே தப்பு இருக்கிறதென்று அவர் மேடைக்கு வந்து தாராளமாகச் சொல்லலாம். தலைவர் அவருக்குப் பத்து நிமிஷம் கொடுக்க இசைந்திருக்கிறார். வருகிறபோது அந்தப் படத்தை அச்சிட்டவர்களிடமிருந்து குணங்களின் பட்டியலை வாங்கி வந்திருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுகிறோம். கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் தயாராக இருக்கின்றன, எல்லோருமாகச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.